தாமாருக்காக ஒரு நாத்தான் வரவில்லை



வருகிற மே மாதத்தில், கரியாலூரைச் சுற்றியுள்ள சில மலைக்கிராமங்களில், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமையைக் குறித்து ஒரு வீதி நாடகம் நடத்த வேண்டும் என்று நம் வாலிபர் ஐக்கியத்தார் அனுமதி கேட்டிருக்கிறார்கள். மூப்பர் இருவர் அதற்கு மறுப்புத் தெரிவித்திருக்கிறார்கள். இத்தகைய காரியத்தைச் சபையின் பெயரால் நாலுபேர் நடுவே நடித்துக் காட்டலாகாது என்பது ஒருவருடைய கருத்து. நாடகம் பார்த்து எவன் திருந்தினான் என்பது மற்றவருடைய கேள்வி. இரண்டையும் ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. குறிப்பாக இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆகவே இந்த வாரத் தியானத்தை இந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நாடகம் நடக்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்டிருக்கிறபடி அல்ல.

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை நாம் எல்லோரும் அறிவோம். தாவீது ராஜாவினிடத்தில் வந்த நாத்தான் தீர்க்கதரிசி குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஒரு கதை சொன்னான். ஒரு ஐசுவரியவான், ஒரு தரித்திரன், அந்தத் தரித்திரனிடத்தில் இருந்த ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. ராஜா அந்தக் கதைக்குள் நுழைந்து, சினம் மூண்டு, தீர்ப்பையும் சொல்லி முடித்துவிட்டான். அதன்பிறகே அந்த ஐசுவரியவான் யார் என்பதைத் தீர்க்கதரிசி சுட்டிக்காட்டினான். உரியாவின் மனைவியைப் பற்றி நேரடியாகப் பேச்சை எடுத்திருந்தால் ராஜாவிடத்தில் ஆயிரம் சமாதானங்கள் இருந்திருக்கும். கதையோ அந்தச் சமாதானங்கள் எழும்புவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. தன்னைப் பற்றிய வழக்கு என்று அறியாதவன்தான் நேர்மையான நீதிபதியாக இருக்கிறான். நாடகத்தின் முழு வல்லமையும் இதில் அடங்கியிருக்கிறது என்று எண்ணுகிறேன்.

அடுத்த அதிகாரத்தை நாம் வாசிப்பதில்லை. பிரசங்க பீடத்தில் 2 சாமுவேல் 13 கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது என்று உங்கள் நினைவில் தேடிப்பாருங்கள். தாவீதின் குமாரன் அம்னோன், தன் சகோதரியாகிய தாமாரின்மேல் இச்சைகொள்ளுகிறான். யோனதாப் என்கிற உறவினன் அவனுக்கு ஆலோசனை சொல்லுகிறான். அந்த ஆலோசனை என்ன? நோயாளியாக நடி என்பதுதான். ஆம், அந்த அதிகாரத்தில் முதலில் அரங்கேறுவதே ஒரு நடிப்பு. படுக்கை, சோர்ந்த முகம், பணியாரம் சுட்டுத் தரச் சொல்லும் குரல் எல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டவை. தகப்பனாகிய ராஜாவே அந்த நடிப்பை நம்பி மகளை அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். கலை என்றாலே நல்லது என்று சொல்லுகிற வாலிபர்களும், நடிப்பு என்றாலே பொய் என்று சொல்லுகிற பெரியோரும் இந்த இடத்தில் சற்றே நின்று போகலாம்.

தாமார் மௌனமாக இருந்தவள் அல்ல. நியாயம் சொன்னாள், இஸ்ரவேலின் ஒழுங்கை நினைப்பூட்டினாள், தப்பிக்க ஒரு வழியைக்கூட முன்வைத்தாள். பலவந்தம் அவள் சொல்லை மேற்கொண்டது. பின்பு அம்னோன் வேலைக்காரனை அழைத்து அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் சொன்னான். அப்போது அவள் செய்ததைக் கவனியுங்கள். தலையின்மேல் சாம்பலைப் போட்டுக்கொண்டாள். ராஜகுமாரத்திகளுக்கு உரிய பலவருண வஸ்திரத்தைக் கிழித்தாள். தலையின்மேல் கையை வைத்துக்கொண்டு, சத்தமிட்டு அழுதபடியே நடந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கலாமே! தனக்கு நேர்ந்ததைச் சாம்பலாலும் துணியாலும் கையாலும் குரலாலும் அவள் ஊருக்குத் தெரியப்படுத்தினாள். அடுத்த வசனத்திலேயே அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொல்லுகிறான்; அவன் உன் சகோதரன் அல்லவா என்கிறான். தாவீது கேள்விப்பட்டுக் கோபங்கொண்டான். கோபங்கொண்டதோடு சரி. மகளை அழைத்து விசாரித்ததாகவோ, மகனைக் கண்டித்ததாகவோ அங்கே ஒரு வரியும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அம்னோன் கொல்லப்பட்டபோதும் தாமார் தனித்தவளாகவே அந்த வீட்டில் இருந்தாள்.

கதை சொல்லத் தெரிந்த தீர்க்கதரிசி அதே நாட்களில் உயிரோடு இருந்தான். பத்சேபாளின் காரியத்தில் அரண்மனைக்குள் வந்த நாத்தான், தாமாரின் காரியத்தில் வந்ததாக எழுதப்படவில்லை. ஏன் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. அந்த வெற்றிடம் மட்டும் அதிகாரத்தின் நடுவே அப்படியே கிடக்கிறது.

இத்தகைய காரியத்தைச் சபையின் பெயரால் காட்டலாமா என்று கேட்ட மூப்பருக்கு இதுவே என் பதில். வேதாகமம் தன் சொந்த ராஜவம்சத்தின் வீட்டுக்குள் நடந்ததை, இடங்களையும் பெயர்களையும் மறைக்காமல், இருபத்திரண்டு வசனங்களில் எழுதி வைத்திருக்கிறது. அதைவிட மேலான கண்ணியம் நமக்குத் தேவையில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில், தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கே வாழ்பவர்களும் நம் ஊராரைப் போலவே மலையாளிப் பழங்குடியினர். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரார் ஆலமரத்தடியில் கூட்டப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் வெளிப்படுத்திய பிறகும் அதிகாரிகள் அதை மறுத்துக்கொண்டிருந்தார்கள். 1995இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அதே செப்டம்பர் 29, ஆண்டு 2023, உயர் நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் ஆணையிட்டது. தீர்ப்புக்கு முன்பாக நீதிபதி பி. வேல்முருகன் நேரில் அந்த ஊருக்குச் சென்று பார்த்தார்.

முப்பத்தொரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் தங்கள் கதையை எத்தனை முறை, எத்தனை அந்நியர் முன்னால் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன். வழக்கறிஞருக்கு, அதிகாரிக்கு, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு, பத்திரிகையாளருக்கு, படம் எடுப்பவருக்கு. பழங்குடிப் பெண்களுக்கு விழிப்புணர்வு கொடுக்க நாம் மலைக்குள் போகிறோம் என்று நம் வாலிபர்கள் தங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளே, உங்கள் நல்ல மனதை நான் அறிவேன். ஆயினும் தமிழ்நாட்டில் அதிகாரத்துக்கு முன்பாக மிக நீண்ட காலம் சாட்சி சொல்லி நின்றவர்கள் நம் பக்கத்து மலையின் பழங்குடிப் பெண்கள். அவர்களுடைய உறவின் முறையாருக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கப்போகிறோம்? இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் சொல்லுவேன்.

கீழே, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில், திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலர் அந்த ஊர்களிலிருந்தே விசுவாசத்துக்கு வந்தவர்கள். தீமிதிக்குப் போங்கள் என்று போதகர் சொல்லுகிறார் என்று யாரும் ஊருக்குள் பேச வேண்டாம். ஆனால் துகிலுரிதல் கூத்தை ஒரு நாடகமாகப் பார்த்தால் நமக்கு அங்கே ஒரு பாடம் இருக்கிறது. சேலையைப் பற்றி இழுக்க வேண்டிய வேடக்காரர் அந்தக் கட்டம் வரும்போது கற்பூரம் ஏற்றி வணங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே தொடுவது வழக்கம். வேஷம்தானே என்று அவர் நினைப்பதில்லை. திரௌபதியாக நிற்பவரும் வழக்கமாக ஓர் ஆண். மணிக்கணக்காக நீளும் அந்த இரவில் பார்வையாளருக்குக் காட்டப்படுவது ஒரு பெண்ணின் உடல் அல்ல. சபையில் வீற்றிருக்கும் பெரியவர்களின் மௌனமே காட்டப்படுகிறது. பாட்டன் பேசவில்லை, குரு பேசவில்லை, கணவர்கள் தலைகுனிந்திருக்கிறார்கள். அவள் கேட்ட கேள்விக்கு விடை இல்லை. அவள் விரித்த கூந்தலோ யுத்தம் முடிகிறவரை முடியப்படுவதில்லை.

இதை நம் திரைப்படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கதாநாயகன் பழிவாங்குவதற்குக் காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு தங்கை பாத்திரத்தைப் படைத்து, அவளுக்கு நேரும் கொடுமையைப் பல கோணங்களில் படம் பிடித்து, அதன்பின் அவளை மறந்துவிட்டுச் சண்டைக்குப் போகிற படங்களை நாம் ஒரு தலைமுறைக்காலம் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்திருக்கிறோம். அப்சலோமின் கதையும் அதுவே. தங்கைக்காக என்று தொடங்கிய அவனுடைய ஆத்திரம் எங்கெங்கோ போய், தகப்பனுடைய சிங்காசனத்துக்கு எதிரான கலகத்தில் முடிந்தது.

நாடகத்தால் யார் திருந்தினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். மணிப்பூரில் கன்ஹைலால் என்ற நாடக இயக்குநர், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' என்ற சிறுகதையை 2000ஆம் ஆண்டில் மேடையேற்றினார். காவலில் சிதைக்கப்பட்ட ஒரு பழங்குடிப் பெண், தன்மேல் துணி போர்த்திக்கொள்ள மறுத்து, அதிகாரியின் முன்னால் நிமிர்ந்து நிற்பதே அதன் முடிவு. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் கன்ஹைலாலின் மனைவியும் புகழ்பெற்ற நடிகையுமான சாவித்திரி. அப்போது இம்பாலில் பலர் அவரைக் கடுமையாகத் தூற்றினார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற பெண் துணை ராணுவத்தினரால் கைதுசெய்யப்பட்டுக் கொல்லப்பட்ட நிலையில் கிடந்தார். சில நாட்களுக்குள், ஜூலை 15 அன்று, பன்னிரண்டு தாய்மார் காங்லா கோட்டையின் வாசலில் தங்கள் ஆடையைக் களைந்து நின்று நியாயம் கேட்டார்கள். நாடகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாடகத்தைத் தூற்றிய அதே நகரம் அந்தத் தாய்மாருக்கு முன்னால் வாய்மூடி நின்றது. அந்த ஆண்டின் நவம்பரில் படையினர் காங்லாக் கோட்டையை மாநில அரசிடம் ஒப்படைத்து வெளியேறினார்கள். இதை வாசிப்பது நம்மில் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். எனக்கும் கூச்சமாகவே இருந்தது. எருசலேமின் வீதியில் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு போன ராஜகுமாரத்தியைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எல்லாக் கலையும் இத்தனை உக்கிரமாக இருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஜஸ்மீன் பதேஜா என்ற கலைஞர், மாணவியாக இருந்தபோது, 2003இல் 'பிளாங்க் நாய்ஸ்' என்ற முயற்சியைத் தொடங்கினார். தொந்தரவுக்கு ஆளான நாளில் தாங்கள் உடுத்தியிருந்த ஆடையை அனுப்பிவைக்கும்படி பெண்களை அவர் கேட்டுக்கொண்டார். வந்து சேர்ந்தவற்றில் சுடிதாரும் சேலையும் பள்ளிச் சீருடையும் உண்டு. அந்த ஆடைகளை வரிசையாகத் தொங்கவிட்டால் போதும், பேச்சு தேவையில்லை. பெண் பிள்ளைகளின் உடையைப் பற்றி நாம் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அந்த வரிசைக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிட்டு அதே பிரசங்கத்தைத் திரும்பச் செய்ய எந்தப் போதகருக்கும் நா எழாது.

நம்மைப் போன்ற சபைகளுக்கு மிக நெருக்கமான முன்மாதிரி தென் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் இன்று உஜமா மையம் என்று அறியப்படும் அமைப்பினர், 1990களில் 2 சாமுவேல் 13ஐச் சபைப் பெண்களோடு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். இதில் வரும் ஆண்கள் யார் யார், ஒவ்வொருவனும் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று கேட்டார்கள். திட்டம் போட்டவன், அனுப்பிவைத்தவன், தாழ்ப்பாள் போட்டவன், பேசாதே என்றவன், கோபப்பட்டுவிட்டுச் சும்மா இருந்தவன் என்று பட்டியல் நீண்டது. பின்பு, உங்கள் சபையில் தாமார் உண்டா என்ற கேள்வியையும் கேட்டார்கள். அது தாமார் இயக்கம் என்ற பெயரில் ஆப்பிரிக்காவின் வேறு நாடுகளுக்கும் பரவியது. அப்படி வாசித்த இடங்களில் பெண்கள் வாய்திறந்தார்கள். அவர்கள் சொல்லத் தொடங்கியபோது, கேட்டவர்கள் என்ன செய்வது என்ற கேள்வியும் உடனே எழுந்தது.

என் கவலையும் அங்கேதான் இருக்கிறது. நாடகம் தோற்றுப்போனால் பெரிய நஷ்டமில்லை. கைதட்டிவிட்டு எல்லோரும் வீடு போவார்கள். நாடகம் வென்றுவிட்டால் என்ன செய்வோம்? கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பதின்மூன்று வயதுப் பெண், நாடகம் முடிந்ததும் நம் பிள்ளைகளில் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, எனக்கும் இப்படி நடந்தது என்று சொன்னால்? பறையையும் பதாகையையும் வேனில் ஏற்றிக்கொண்டு அன்றிரவே திரும்பிவிடும் குழு அவளுக்கு என்ன சொல்லும்? அவளைப் பேசவைத்துவிட்டு ஊருக்கு நடுவே தனியே விட்டுப்போவது, பேசாமல் இருந்ததைவிடக் கொடியது.

சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும், நம்மில் பலர் அதை அறியாமல் இருப்பதால். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டதாக அறிகிற எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆசிரியர், விடுதிக் காப்பாளர், ஊர்ப் பெரியவர், போதகர் ஒருவரும் விதிவிலக்கல்ல. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவளுக்கு விருப்பமான இடத்திலோ, இயன்றவரை சீருடை அணியாத பெண் உதவி ஆய்வாளர் பதிவுசெய்ய வேண்டும். எக்காரணத்தாலும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதும் குற்றம். ஊர் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வது, அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது, அவனுக்கே அவளைக் கட்டிவைப்பது ஆகிய எதற்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. கட்டிவைப்பதைச் சமாதானம் என்று அழைத்து ஜெபித்து முடிக்கிற வழக்கம் எங்கெங்கும் உண்டு. அதற்கு ஆசீர்வாதம் சொல்ல என்னை யாரும் அழைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181.

மலையில் இதை நடைமுறைப்படுத்துவது எளிதல்ல என்பதை நான் அறிவேன். கரியாலூரில் காவல் நிலையம் உண்டு. ஆனால் உள்கிராமங்களிலிருந்து இங்கு வருவதற்கே பாதி நாள் நடக்கிறவர்கள் உண்டு. மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால் கோமுகி அணையைக் கடந்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். பெற்றோர் பலர் மாதக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடமோ விடுதியிலோ வளர்கிறார்கள். இதையெல்லாம் அறிந்திருந்தும் நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஓர் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு வருவது போதாது.

வாலிபர்கள் எழுதிய நாடகப் பிரதியையும் வாசித்தேன். உழைத்திருக்கிறார்கள். அதில் வருகிற தீயவன் கீழ்நாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற, மீசை வைத்த, குடிகார அந்நியன். இதை மாற்ற வேண்டும். நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், நம்பிக்கைக்குரியவர். அம்னோனுக்கும் மோட்டார் சைக்கிள் தேவைப்படவில்லை, அவன் அண்ணன். அந்நியனை மேடையில் நிறுத்தினால் பார்க்கிற ஒவ்வொருவரும் நிம்மதியாகக் கைதட்டுவார்கள். தாவீது கைதட்டுவதற்காக நாத்தான் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

இரண்டாவது காட்சியில் அந்தப் பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவருவதாக எழுதியிருக்கிறார்கள். அது வேண்டாம். கதவு தாழிடப்படும் ஓசை ஒன்று போதும். தேவைப்பட்டால், கூத்துக்காரர் கற்பூரம் ஏற்றுவதைப் போல, அந்த இடத்தில் நடிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் அமைதியாக நில்லுங்கள். அதன்பின் வீட்டார் என்ன பேசினார்கள், ஊர் என்ன பேசியது, போதகர் என்ன பேசினார் என்பதை விரிவாகக் காட்டுங்கள். போதகர் பாத்திரத்தைத் தயவுசெய்து நல்லவராக மாற்றிவிடாதீர்கள். பிரதியில் அவர் வந்து ஜெபம் செய்தவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது. அது எனக்குச் செய்த மரியாதை என்று விளங்குகிறது; ஆயினும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் பாத்திரத்தை நடிக்கப்போகிறவளிடம், அவளுக்கு இதில் முழு விருப்பம்தானா என்று அவள் தாயார் இருக்கும்போது ஒருமுறையும், இல்லாதபோது ஒருமுறையும் கேளுங்கள்.

மேலும், முதல் நிகழ்ச்சி எந்த மலைக்கிராமத்திலும் நடக்க வேண்டாம். நம் ஆலய வளாகத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் மூப்பர்களும் தகப்பன்மாரும் முன்வரிசையில் அமர்ந்திருக்க நடக்கட்டும். அன்று ஆராதனையின் வேதபாடமாக 2 சாமுவேல் 13:1-22ஐ வைக்கிறேன். அதை ஒரு பெண் வாசிக்கட்டும். ஓய்வுநாள் பாடசாலைச் சிறுவர்களுக்கு அந்த வேளையில் தனி வகுப்பு உண்டு. அவர்களுக்கு ஏற்ற முறையில், தொடத் தகாத தொடுதலைப் பற்றி ஆசிரியைகள் பேசுவார்கள். நாடகத்துக்குப் பின் ஒரு வாரம் முழுவதும் மாலை வேளையில் போதகர் இல்லத்தின் முன்னறையில் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் இருப்பார்கள். அந்நேரங்களில் நான் அங்கே இருக்கமாட்டேன். என்னிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லலாம். என்னைப் பற்றியே சொல்ல வேண்டியதாயிருந்தாலும் சொல்லலாம்.

அது நடந்து முடிந்தபின் மலைக்கிராமங்களைப் பற்றிப் பேசுவோம். போகிற ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண்களிடம் முன்பே பேசி, அவர்கள் அழைத்தால் மட்டும் போவது. நாடகம் முடிந்தபின் குழுவில் இரண்டு பெண்களாவது மறுநாள் மதியம்வரை அந்த ஊரிலேயே தங்குவது. யாரேனும் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டியதாயிருந்தால் கூடவே போவது, பேருந்துச் செலவுக்குச் சபைக் கணக்கில் பணம் ஒதுக்குவது என்பவை என் யோசனைகள். எத்தனை நாள் ஆகும், யார் விடுப்பு எடுக்க முடியும் என்பதைப் பெண்கள் ஐக்கியத்தார் கணக்கிட்டுச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூப்பர் கூட்டம். மறுப்புத் தெரிவித்த இருவரும் அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். பிரதியின் திருத்திய படி ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. வருவதற்கு முன் வாசித்துவிட்டு வாருங்கள்.